மறுசேர்க்கை மனித டிஎன்எஃப் ஏற்பி

மறுசேர்க்கை மனித டிஎன்எஃப் ஏற்பி என்பது, மனித உயிரணுக்களின் மேற்பரப்பில் இயற்கையாக அமைந்துள்ள ஒரு நோயெதிர்ப்பு ஏற்பியின் வெளிப்பகுதியை மட்டும் மரபணுப் பொறியியல் வழியாக ஆய்வகத்தில் உருவாக்கிப் பெறும் புரதமாகும். உடலில் அழற்சியைத் தூண்டும் ‘கட்டி நசிவுக் காரணி’ (சுருக்கமாக டிஎன்எஃப்) என்னும் பொருளை இது பிடித்துவைத்துக்கொள்கிறது. அழற்சி பற்றிய ஆய்வுகளில் இது ஒரு கருவி. ‘எட்டனர்செப்ட்’ என்ற பெயரில் முடக்குவாதம் முதலிய நோய்களுக்கு மருந்து. காசநோய்க் கிருமி மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உடலில் உறங்கிக் கிடக்கும் இந்தியாவில், இப்புரதத்தின் கதை மூட்டுகளோடு முடிவதில்லை. நுரையீரலையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

டிஎன்எஃப் என்பது என்ன?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. அழற்சியின் இந்த நான்கு அடையாளங்களையும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் எழுதிவைத்தார். இவை நோய் அல்ல, உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. கிருமி நுழைந்ததை முதலில் உணரும் உயிரணுக்களில் முக்கியமானவை பெருவிழுங்கிகள். அவை மற்ற உயிரணுக்களுக்குச் செய்தி அனுப்பச் சுரக்கும் சிறு புரதங்களுக்குச் சைட்டோகைன்கள் என்று பெயர். டிஎன்எஃப் அவற்றுள் ஒன்று, முன்வரிசையில் நிற்பது. இது இரத்தக் குழாய்ச் சுவர்களை இளகச் செய்து வெள்ளையணுக்களுக்கு வழிவிடுகிறது, காய்ச்சலை எழுப்புகிறது, பிற சைட்டோகைன்களைச் சுரக்கும்படி உயிரணுக்களைத் தூண்டுகிறது.

ஒரே மாதிரியான மூன்று புரத இழைகள் சேர்ந்து ஒரு டிஎன்எஃப் மூலக்கூறு உருவாகிறது. ஒவ்வோர் இழையிலும் 157 அமினோ அமிலங்கள் உள்ளன. முதலில் இது பெருவிழுங்கியின் சவ்விலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு ஒரு நொதி அதை வெட்டிவிட, இரத்தத்தில் மிதந்து செல்லும். வெட்டும் நொதி எது என்பது 1997-இல்தான் தெரியவந்தது.

‘கட்டி நசிவு’ என்ற பெயர் படிப்பவரைக் குழப்பக்கூடியது. அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1890-களில் நியூயார்க் நகர அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, கடுமையான தோல் தொற்று வந்த சில புற்றுநோயாளிகளுக்குக் கட்டி கரைந்ததைக் கவனித்து, பாக்டீரியாக்களையே மருந்தாகச் செலுத்திப் பார்த்தார். 1975-இல் அதே நகரின் ஸ்லோன் கெட்டரிங் நிலையத்தில் எலிசபெத் கார்ஸ்வெல், லாயிட் ஓல்டு குழுவினர் எலிகளுக்கு பி.சி.ஜி. கிருமியைச் செலுத்தினர். பின்பு பாக்டீரியாவின் அகநச்சைச் செலுத்தி, அந்த எலிகளின் இரத்த நீரை எடுத்துச் சோதித்தனர். அது பிற எலிகளின் கட்டிகளை நசியச் செய்தது. அந்த இரத்த நீரில் இருந்த பொருளுக்கு வைத்த பெயர்தான் இன்றும் நிற்கிறது. பி.சி.ஜி. என்பது காசநோய்க் கிருமியின் வலுவிழந்த உறவு. ஆக, இந்தக் கதையின் தொடக்கத்திலேயே காசநோய் எட்டிப் பார்த்துவிடுகிறது.

மனித டிஎன்எஃப் 1984-இல் தூய்மைப்படுத்தப்பட்டு அதன் மரபணுவும் பிரித்தெடுக்கப்பட்டது. கலிபோர்னியாவின் ஜெனன்டெக் நிறுவனத்தில் அதைத் தூய்மைப்படுத்தும் பணியில் முன்னின்றவர் இந்தியாவில் பிறந்த பரத் அகர்வால். இதைப் புற்றுநோய் மருந்தாக்கலாம் என்ற நம்பிக்கை அப்போது பெரிதாக இருந்தது. ஆனால் அடுத்த ஆண்டே புரூஸ் பியூட்லர், ஆந்தனி செராமி ஆகியோரின் ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டியது. நாட்பட்ட தொற்றில் உடலை உருக்கி இளைக்கச் செய்யும் ‘கெக்கெக்டின்’ என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்த பொருளும் டிஎன்எஃப்பும் ஒன்றே என்று தெரிந்தது. கட்டியை அழிக்கும் என்று நம்பப்பட்டது, ஆளையே உருக்குவதாக இருந்தது. மருந்தாகக் கொடுப்பதை விட்டு, இதைத் தடுப்பது எப்படி என்ற கேள்வி அங்கிருந்து தொடங்குகிறது.

ஏற்பியும் அதன் இரு வகைகளும்

டிஎன்எஃப் மிதந்து வந்தால் மட்டும் போதாது. உயிரணுவின் வாசலில் அதை உணர்ந்து உள்ளே தெரிவிக்க ஒரு புரதம் வேண்டும். அதுவே ஏற்பி. டிஎன்எஃப்புக்கு இரண்டு ஏற்பிகள் உள்ளன. முதலாவது ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் இருக்கிறது. அதன் உட்பகுதியில் ‘இறப்புக் கூறு’ என்ற பகுதி உள்ளது. சில சூழல்களில் அது உயிரணுவைத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் செய்யும். இரண்டாவது பெரும்பாலும் நோயெதிர்ப்பு உயிரணுக்களிலும் இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் காணப்படுகிறது. அதற்கு இறப்புக் கூறு கிடையாது. மூலக்கூறு எடையை வைத்து முன்னதை பி55 என்றும் பின்னதை பி75 என்றும் குறிப்பிடுவதுண்டு.

வீட்டு அழைப்பு மணியை எண்ணிக்கொண்டால் இந்த அமைப்பு எளிதாகப் புரியும். சுவருக்கு வெளியே பொத்தான், சுவருக்குள் கம்பி, அறைக்குள் மணி. ஏற்பியின் வெளிப்பகுதி பொத்தான், சவ்வைத் துளைத்துச் செல்லும் பகுதி கம்பி, உட்பகுதி மணி. டிஎன்எஃப் பொத்தானை அழுத்தும் விரல். இப்போது பொத்தானை மட்டும் ஆயிரக்கணக்கில் செய்து தெருவெங்கும் வைத்துவிட்டால், வருகிறவர்கள் அவற்றையே அழுத்திக்கொண்டு நிற்பார்கள். வீட்டுக்குள் மணி அடிக்காது. மறுசேர்க்கை ஏற்பிப் புரதம் செய்வது இதைத்தான்.

இந்த உத்தியை மனிதர் கண்டுபிடித்ததாகச் சொல்வது சரியல்ல. உடலே இதைச் செய்துகொண்டிருக்கிறது. டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஏதோ ஒன்று காய்ச்சல் நோயாளிகளின் சிறுநீரில் இருப்பதை 1988-இல் ஜெனீவாவில் ழான் மிஷெல் தாயர் குழுவினர் அறிவித்தனர். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் டேவிட் வாலக் குழுவினரும் மனிதச் சிறுநீரிலிருந்து அத்தகைய புரதங்களைப் பிரித்தெடுத்தனர். ஆராய்ந்தபோது அவை உயிரணுக்களிலிருந்து வெட்டுண்டு உதிர்ந்த ஏற்பிகளின் வெளிப்பகுதிகள் என்று தெரிந்தது. அழற்சி எல்லை மீறும்போது உயிரணுக்கள் தம் வாசலில் இருந்த பொத்தான்களைத் தாமே கழற்றி வீசுகின்றன. இதனால் இரண்டு பயன்கள்: வாசலில் பொத்தான் குறைகிறது, தெருவில் பொய்ப் பொத்தான் கூடுகிறது. 1990-இல் இரு ஏற்பிகளின் மரபணுக்களும் பிரித்தெடுக்கப்பட்டன. பி75 ஏற்பியின் மரபணுவைப் பிரித்தது சியாட்டில் நகரின் இம்யூனெக்ஸ் நிறுவனம்.

தயாரிக்கும் முறை

‘மறுசேர்க்கை’ என்பது ஓர் உயிரியின் மரபணுத் துண்டை மற்றொன்றின் மரபுப் பொருளோடு ஒட்டவைப்பதைக் குறிக்கும் சொல். மனித இன்சுலின் இம்முறையில் பாக்டீரியாவில் தயாரிக்கப்பட்டு 1982-இல் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இந்தியாவில் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் கொண்டுவந்த மஞ்சள் காமாலை பி தடுப்பூசி இவ்வகையில் முன்னோடி.

ஏற்பிப் புரதம் இன்சுலினைவிடச் சற்றுச் சிக்கலானது. அதன் வெளிப்பகுதியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நிறைந்த நான்கு கூறுகள் அடுத்தடுத்து உள்ளன. சிஸ்டீன்களுக்கிடையே கந்தகப் பிணைப்புகள் சரியான இணைகளில் அமைந்தால்தான் புரதம் தன் வடிவத்தைப் பெறும். பாக்டீரியாவின் உட்பகுதி இத்தகைய பிணைப்புகளுக்கு ஏற்றதல்ல. புரதம் மடிப்புத் தவறிக் கட்டியாகத் திரண்டுவிடும். அதை வெளியே எடுத்துக் கரைத்து மீண்டும் மடிக்க வேண்டும். ஆய்வுக்கான சிறு அளவுகளை இப்படியும் தயாரிக்கிறார்கள். ஆனால் பாக்டீரியா, மனிதப் புரதத்தில் உள்ளது போன்ற சர்க்கரைத் தொடர்களைச் சேர்ப்பதில்லை. அதனால் மருந்துக்குப் பாலூட்டி உயிரணுக்களையே நாட வேண்டியிருக்கிறது. அதிகம் பயன்படுவது சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து 1957-இல் அமெரிக்க அறிவியலர் தியோடர் பக் வளர்த்தெடுத்த உயிரணு வழி. ஒரு சிற்றெலியின் உயிரணுக்கள் இத்தனை ஆண்டுகளாக எஃகுத் தொட்டிகளில் மனித மருந்து தயாரித்துக்கொண்டிருப்பது, பாடநூலில் ஒரு வரியில் கடந்துவிடக் கூடாத செய்தி.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஏற்பியின் வெளிப்பகுதி சிறியது. இரத்தத்தில் செலுத்தினால் சிறுநீரகம் விரைவில் வெளியேற்றிவிடும். ஒற்றையாக இருப்பதால் டிஎன்எஃப்பை அது பிடிக்கும் பிடியும் தளர்வு. 1991-இல் டல்லஸ் நகரில் பியூட்லரும் உடன் ஆய்வாளர்களும் ஏற்பியை எதிர்ப்பொருளின் வால்பகுதியோடு ஒட்டவைத்து இரண்டுக்கும் ஒரே விடை கண்டனர். எதிர்ப்பொருள் என்பது ‘ஒய்’ எழுத்தின் வடிவம் கொண்ட புரதம். அதன் வால் எப்போதும் இரட்டையாகச் சேரும். எனவே வாலோடு ஒட்டிய ஏற்பிகளும் இரண்டிரண்டாக நிற்கும். இரு கைகளால் பிடித்தால் நழுவுவது கடினம். வால் இருப்பதால் உடலும் இதை எதிர்ப்பொருளாகக் கருதி நெடுநேரம் இரத்தத்தில் வைத்திருக்கும்.

இம்யூனெக்ஸ் உருவாக்கிய எட்டனர்செப்ட் இதே அமைப்பு உடையது. பி75 ஏற்பியின் 235 அமினோ அமிலங்கள், எதிர்ப்பொருள் வாலின் 232 அமினோ அமிலங்கள், கூட்டினால் 467. இரட்டை என்பதால் மொத்தம் 934. மூலக்கூறு எடை ஏறத்தாழ 150 கிலோடால்டன். இரத்தத்தில் இதன் அரை ஆயுள் நான்கு நாள் அளவு. வாரம் ஒரு முறையோ இரு முறையோ தோலுக்கடியில் ஊசி போட்டால் போதுமானதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆய்வகத்தில் இதன் பயன்

ஆய்வுக்கான ஏற்பிப் புரதம் சிறு குப்பியில், உறைய வைத்து உலர்த்திய வெண்பொடியாக வரும். அளவு மைக்ரோகிராமில்தான் இருக்கும். கொட்டிவாக்கத்தை அடுத்த தரமணியின் உயிரித் தொழில்நுட்பப் பூங்காவிலானாலும் வேறெங்கானாலும், ஆய்வு மாணவர் முதலில் கற்க வேண்டியது இதைக் கையாளும் பொறுமையை. ஒருமுறை கரைத்த பிறகு திரும்பத் திரும்ப உறைய வைத்து உருக்கினால் புரதம் வடிவிழக்கும். ஆகவே கரைத்தவுடன் சிறு பங்குகளாகப் பிரித்துத் தனித்தனியே உறையிட்டு, தேவைக்கு ஒன்றாக எடுப்பது வழக்கம்.

குப்பியில் உள்ள புரதம் வேலை செய்கிறதா என்று அறிய நெடுங்காலமாக உள்ள சோதனை எலியின் இணைப்புத் திசு உயிரணுக்களைக் கொண்டு செய்வது. எல்929 என்ற இவ்வுயிரணுக்களுக்கு, புதுப் புரதம் தயாரிப்பதைத் தடுக்கும் ஆக்டினோமைசின் டி என்ற மருந்தோடு டிஎன்எஃப்பைக் கொடுத்தால் அவை இறந்துவிடும். ஏற்பிப் புரதத்தையும் சேர்த்துக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும். ஏற்பியின் அளவைப் படிப்படியாகக் கூட்டி, பாதி உயிரணுக்கள் எந்த அளவில் பிழைக்கின்றன என்று பார்த்தால் அந்தத் தயாரிப்பின் திறன் தெரியும். உயிருள்ளவை சாயம் ஏற்கும், இறந்தவை கழுவப்பட்டுப் போகும். நிறத்தின் அடர்த்தியே மதிப்பெண்.

இதைவிட முக்கியமானது, ஒரு விளைவுக்கு டிஎன்எஃப் காரணமா இல்லையா என்பதைப் பிரித்தறிய இப்புரதம் உதவுவது. ஒரு மூலிகைச் சாறு அழற்சியைக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிஎன்எஃப் சுரப்பைக் குறைத்ததாலா, வேறு வழியிலா? ஏற்பிப் புரதத்தால் டிஎன்எஃப்பை முழுதும் கட்டிவிட்ட பிறகும் சாறு கூடுதலாக ஏதேனும் செய்தால், அதற்கு வேறு வழியும் உண்டு என்று ஊகிக்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாக்டீரியாவில் தயாரித்த புரதத்தோடு அந்தப் பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள அகநச்சு துளியளவு ஒட்டிக்கொண்டு வரக்கூடும். பெருவிழுங்கிகள் அதை மிக நுண்ணிய அளவிலேயே உணர்ந்து டிஎன்எஃப்பைச் சுரந்துவிடும். டிஎன்எஃப்பைத் தடுக்கச் சேர்த்த பொருளே டிஎன்எஃப்பை வரவழைத்தால் ஆய்வின் கதி என்ன? இது வெறும் கற்பனை அச்சமல்ல. வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்ற வகையைச் சேர்ந்த மனிதப் புரதங்கள் பெருவிழுங்கிகளைத் தூண்டி டிஎன்எஃப் சுரக்கச் செய்வதாகச் சில ஆண்டுகள் பலரும் எழுதினர். பாக்டீரியாவில் தயாரித்த அந்தப் புரதங்களை நன்கு தூய்மைப்படுத்திச் சோதித்தபோது அவ்விளைவு மறைந்துபோனதை 2003-இல் காவ், சான் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினர். தூண்டியது புரதமல்ல, ஒட்டிவந்த அகநச்சு.

அதனால்தான் நல்ல தயாரிப்பின் குறிப்புத்தாளில் தூய்மை விழுக்காட்டோடு அகநச்சின் அளவும் தனியே தரப்படுகிறது. அகநச்சை அளக்க லாட நண்டின் இரத்த அணுச் சாறு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. அகநச்சு பட்டால் அது உறைந்துவிடும். அந்நண்டுகளைப் பிடிக்காமலே சோதிக்க உதவும் மறுசேர்க்கைப் புரதத்தைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜீக் லிங், ஹோ போ ஆகியோர் உருவாக்கினர். எளிய கல்லூரி ஆய்வகத்திலும் செய்யக்கூடிய ஒரு சரிபார்ப்பு உண்டு. புரதத்தைக் கொதிக்க வைத்துப் பின் சேர்த்துப் பார்ப்பதே அது. கொதித்தால் புரதம் கெடும், அகநச்சு எளிதில் கெடாது. கொதித்த பின்னும் விளைவு தொடர்ந்தால் ஐயப்படத்தான் வேண்டும்.

‘ஆய்வுக்கு மட்டும்’ என்று எழுதிய குப்பியும் மருந்துக் குப்பியும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அமினோ அமில வரிசை ஒன்றாகவே இருந்தாலும் நுண்ணுயிர் நீக்கமும் பாதுகாப்புச் சோதனைகளும் ஆய்வுக் குப்பிக்கு மருந்துத் தரத்தில் செய்யப்படுவதில்லை. அதை மனித உடலில் செலுத்தக் கூடாது.

மருந்தாக

மூட்டுகளின் உட்சவ்வை உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே தாக்குவது முடக்குவாதம். அதில் பல சைட்டோகைன்கள் மிகுந்திருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் தடுத்து என்ன பயன் என்று பலர் கேட்ட காலத்தில், லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ஃபியோனுலா பிரென்னன் ஆகியோர் 1989-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். நோயாளிகளின் மூட்டு உயிரணுக்களைத் தட்டில் வளர்த்து டிஎன்எஃப்பை மட்டும் தடுத்தபோது, இன்டர்லூக்கின் 1 என்ற மற்றொரு சைட்டோகைனும் தானாகக் குறைந்தது. வரிசையில் முன்னே நிற்பது டிஎன்எஃப் என்பது அப்போது தெளிவாயிற்று. ஃபெல்ட்மனும், பஞ்சாபின் லூதியானாவில் பிறந்த மருத்துவர் ரவீந்தர் மைனியும் டிஎன்எஃப் எதிர்ப்பொருளை நோயாளிகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டனர். 2003-இல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

ஏற்பிப் புரதத்தின் பாதை அவ்வளவு நேரானதாக இல்லை. அதை முதலில் முயன்ற இடங்களில் ஒன்று குருதி நச்சேற்றம். கடுந்தொற்றில் டிஎன்எஃப் பெருக்கெடுத்து இரத்த அழுத்தம் சரிவதால், அதைத் தடுத்தால் உயிர் பிழைப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதே. 141 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 1996-இல் வெளிவந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் 30 விழுக்காட்டினர் இறந்தனர். ஏற்பிப் புரதத்தை மிக அதிக அளவில் பெற்றவர்களில் இறந்தவர்கள் 53 விழுக்காடு. தீயை அணைக்கப் போய்க் காவலையும் நீக்கிவிட்டது போல ஆயிற்று. கிருமி உடலில் இருக்கும்போது டிஎன்எஃப்பை முழுதாக அகற்றுவது ஆபத்து என்பதற்கு இது முதல் பெரிய எச்சரிக்கை.

அதே புரதம் முடக்குவாதத்தில் நேர் எதிராகப் பலித்தது. 180 நோயாளிகளிடம் நடந்து 1997-இல் வெளியான சோதனையில், உயர் அளவு பெற்றவர்களில் 75 விழுக்காட்டினருக்கு மூன்று மாதத்தில் குறிப்பிட்ட அளவு முன்னேற்றம் தெரிந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் அது 14 விழுக்காடு மட்டுமே. 1998 நவம்பரில் அமெரிக்கா எட்டனர்செப்டுக்கு அனுமதி அளித்தது. இந்தியாவில் உயிரி ஒப்பு மருந்துகளுக்கான வழிகாட்டு நெறிகள் 2012-இல் வெளிவந்தன. அடுத்த ஆண்டே சிப்லா நிறுவனம் ‘எட்டாசெப்ட்’ என்ற பெயரிலும், 2015-இல் இன்டாஸ் நிறுவனம் ‘இன்டாசெப்ட்’ என்ற பெயரிலும் இம்மருந்தைக் கொண்டுவந்தன.

காசநோயும் டிஎன்எஃப்பும்

சென்னைக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பு நெடியது. மருத்துவர் டேவிட் சவுரிமுத்து 1928-இல் தொடங்கிய மருத்துவமனையின் பெயர் தாம்பரம் சானடோரியம் என்று இரயில் நிலையத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. நோயாளியை ஊரைவிட்டு ஒதுக்கி, நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் தருவதே அக்காலச் சிகிச்சை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் அந்த நம்பிக்கையைச் சோதித்தது. 193 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர். 1959-இல் வெளியான முடிவுப்படி, நெருக்கடியான வீடுகளில் குறைந்த உணவோடு இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகவே தேறினர். உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றிய ஆய்வு இது. அம்மையமே இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஆனால் காசநோய்க் கிருமி தொற்றிய எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலோரிடம் கிருமி உயிரோடிருந்தும் அடங்கிக் கிடக்கிறது. பெருவிழுங்கிகளும் பிற வெள்ளையணுக்களும் அதைச் சூழ்ந்து ‘கிரானுலோமா’ என்ற சிறு முடிச்சாக மூடிவிடுகின்றன. இந்த முடிச்சு ஒருமுறை கட்டி முடித்த சுவர் அல்ல. அணுக்கள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தால்தான் அது நிற்கும். அவற்றை வரவழைப்பதும், விழுங்கிய கிருமியைக் கொல்லும் திறனைப் பெருவிழுங்கிகளுக்குத் தருவதும் டிஎன்எஃப்பின் வேலை. பி55 ஏற்பி இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள் காசநோய்க் கிருமியைத் தாக்குப்பிடிக்காமல் இறந்ததை 1995-இல் ஜோஆன் ஃபிளின் குழுவினர் காட்டினர். மூட்டில் தொல்லை செய்யும் அதே டிஎன்எஃப் நுரையீரலில் காவல் காக்கிறது.

மருந்து சந்தைக்கு வந்த பின் இது மனிதரிடமும் தெரிந்தது. டிஎன்எஃப் எதிர்ப்பொருளான இன்ஃபிளிக்சிமாப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததாகப் பதிவான தகவல்களைத் தொகுத்து 2001-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அவர்களில் 48 பேருக்கு, மூன்று முறை அல்லது அதற்கும் குறைவாக மருந்து ஏற்றிய நிலையிலேயே நோய் வெளிப்பட்டது. 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே நோய் இருந்தது. கவனிக்க வேண்டியது, அந்த 70 பேரில் 64 பேர் காசநோய் குறைவாக உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பது. காசநோய் அரிதான நாட்டிலேயே இப்படி என்றால், இந்தியாவில் எச்சரிக்கை எவ்வளவு வேண்டும்! 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 31.3 விழுக்காட்டினருக்குக் காசநோய்த் தொற்று இருப்பது தெரியவந்தது. அதாவது மூன்றில் ஒருவர் அளவு.

டிஎன்எஃப் தடுப்பு மருந்துகள் எல்லாவற்றுக்கும் ஆபத்து ஒரே அளவல்ல. பிரிட்டனின் பதிவேட்டில் இருந்து 2010-இல் வெளியான கணக்கில், ஒரு இலட்சம் நோயாளி-ஆண்டுகளுக்கு அடாலிமுமாப் பெற்றவர்களிடம் 144, இன்ஃபிளிக்சிமாப் பெற்றவர்களிடம் 136, எட்டனர்செப்ட் பெற்றவர்களிடம் 39 என்று காசநோய் பதிவாகியிருந்தது. முதல் இரண்டும் எதிர்ப்பொருள்கள். மூன்றாவதுதான் ஏற்பிப் புரதம். சவ்வில் ஒட்டியுள்ள டிஎன்எஃப்பை எதிர்ப்பொருள்கள் இறுகப் பிடிப்பதும், எட்டனர்செப்டின் பிடி அங்கே அவ்வளவு வலுவாக இல்லாததும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. இதே வேறுபாட்டின் மறுபக்கமாக, குரோன் நோய் என்ற குடல் அழற்சியில் எதிர்ப்பொருள்கள் பயன் தருகின்றன, எட்டனர்செப்ட் தருவதில்லை. ஆபத்து குறைவு என்பதை ஆபத்து இல்லை என்று படித்துவிடக் கூடாது.

எனவே இம்மருந்தைத் தொடங்குமுன் மூட்டு நோய் மருத்துவர்கள் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வதும், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று துருவிக் கேட்பதும் சடங்கல்ல. முன்கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் மாண்டூ சோதனையும் உண்டு. ஆனால் முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டோ மெத்தோட்ரெக்சேட்டோ எடுத்துவருபவரிடம் தொற்று இருந்தும் தடிப்பு வராமல் போகலாம். பி.சி.ஜி. போட்டவரிடம் தொற்று இல்லாமலும் வரலாம். ஆகையால் இன்டர்ஃபெரான் காமாவை அளக்கும் இரத்தச் சோதனையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். உறங்கும் தொற்று இருப்பதாகத் தெரிந்தால் முதலில் தடுப்புச் சிகிச்சை தொடங்குகிறது. ஐசோனியசிட் ஆறு மாதம் தினமும் எடுப்பது ஒரு முறை. ஐசோனியசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒருமுறை மூன்று மாதம் எடுப்பது மற்றொன்று. அது தொடங்கிப் பொதுவாக ஒரு மாதம் கழிந்த பின்பே டிஎன்எஃப் தடுப்பு மருந்து. 2021-இல் வந்த இந்திய அரசின் காசநோய்த் தடுப்புச் சிகிச்சை வழிகாட்டுதலில், டிஎன்எஃப் தடுப்பு மருந்து பெறுவோரும் கவனிக்கப்பட வேண்டியவர்களாகக் குறிப்பிடப்பட்டுள்ளனர். இத்தனை முன்னேற்பாட்டுக்குப் பின்னும் புதிதாகத் தொற்று வரலாம். ஆகவே மருந்து எடுக்கும் காலம் முழுதும் மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, கழுத்தில் நெறி கட்டுதல் ஆகியவற்றை உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இருமல் இல்லை என்பதால் காசநோய் இல்லை என்று எண்ணிவிட முடியாது.

அப்படிக் காசநோய் வந்துவிட்டால் எட்டனர்செப்டை நிறுத்திவிட்டுக் காசநோய் மருந்துகளைத் தொடங்குவார்கள். அதன்பின் சிலருக்கு விந்தையான ஒன்று நிகழ்கிறது. கிருமி குறைந்துவரும் வேளையில் காய்ச்சல் திரும்புகிறது, நெறிகள் பெருக்கின்றன, எக்ஸ்ரேயில் நிழல் விரிகிறது. மருந்து கேட்கவில்லை என்று நோயாளியும் வீட்டாரும் கலங்குவது இயல்பு. பல நேரங்களில் இது கிருமியின் வேலையாக இருப்பதில்லை. பொய்ப் பொத்தான்கள் அகன்றதால் மீண்டும் வாசலை எட்டிய டிஎன்எஃப், எஞ்சிய கிருமியைச் சுற்றி அழற்சியை எழுப்புகிறது. காசநோய் மருந்தை இடையில் விடாமல் தொடர்ந்து, தேவைப்பட்டால் சில வாரம் ஸ்டீராய்டு சேர்த்து, இந்தக் கட்டத்தை மருத்துவர்கள் கடத்துகிறார்கள்.